மண்டியிட்டால் வேலை போகுமா? கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவள் என்பதால் காலின் கேப்பர்னிக் விவகாரத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். கதை தெரியாதவர்களுக்கு: அவர் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக இருந்தார். 2016 ஆகஸ்டில், கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து, தேசிய கீதம் ஒலித்தபோது எழாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ராணுவச் சிறப்புப் படையில் இருந்துவிட்டு ஆட்டத்துக்கு வந்த நேட் பாயர் அவரைச் சந்தித்துப் பேசிய பிறகு, செப்டம்பரில் அது ஒற்றை முழங்காலில் மண்டியிடுவதாக மாறியது.

செந்தில்: பேச்சுரிமைக்குப் பேர்போன நாடு. அங்கேயே எப்படிக்கா அவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள்?

தூக்கவில்லை தம்பி. 2017 மார்ச்சில் அவரே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியே வந்தார். வராவிட்டாலும் விடுவித்திருப்போம் என்று அணி நிர்வாகம் சொன்னது வேறு கதை. அதன்பின் 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை.

நீங்கள் நினைக்கும் பேச்சுரிமை அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் இருக்கிறது. அதன் முதல் சொல்லே ‘காங்கிரஸ்’, அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். பேசுகிறவன் வாயை அரசாங்கம் அடைக்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள். முதலாளி அடைத்தால் அது கண்டுகொள்ளாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொன்னதும் முகம் விழுந்துவிடும்.

மீனா: அப்படியென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிலைமை?

அரசுப் பள்ளி என்றால் அரசாங்கம். அதனால் அங்கே பிள்ளைகள் கை ஓங்கும்! மேற்கு வர்ஜீனியாவில் கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்த யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். ‘பார்னெட்’ என்று பெயர்பெற்ற அந்த வழக்கில் 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. மூன்றே வருடம் முன்பு, 1940இல், இதே நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

நம் பக்கத்திலும் அச்சுஅசலாக ஒரு வழக்கு உண்டு. 1985இல் கேரளாவில் அதே மதப்பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், ஜன கண மன பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986இல் பிஜோ இமானுவேல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, எழுந்து நின்றாலே மரியாதைதான், பாடியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்துப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பிள்ளைகள் நின்றார்கள். உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்தத் தீர்ப்பில் விடை தேடாதீர்கள்.

கார்த்திக்: அரசாங்க வேலையில் இருப்பவர் மண்டியிட்டால்?

அவருக்கு அரசாங்கமே முதலாளி. அதனால் முதல் திருத்தம் உள்ளே வரும், ஆனால் முழுசாக வராது. பொது விஷயத்தைப் பற்றி, ஒரு குடிமகனாகப் பேசினாரா, அதனால் அலுவலகம் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று இரண்டையும் தராசில் வைப்பார்கள். 1968இல் பிக்கரிங் என்ற பள்ளி ஆசிரியர் வழக்கில் பிறந்த தராசு இது.

எனக்குப் பிடித்த வழக்கு 1987இல் வந்தது. ஜனாதிபதி ரீகன் சுடப்பட்ட செய்தி கேட்டு, டெக்சாஸில் ஒரு கான்ஸ்டபிள் அலுவலக எழுத்தர், “இன்னொரு தடவை முயன்றால் முடித்துவிடட்டும்” என்கிற மாதிரி சக ஊழியரிடம் சொல்லிவிட்டார். வேலை போனது. உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2006இல் அதே நீதிமன்றம், வேலையின் கடமையாகவே பேசிய பேச்சுக்குப் பாதுகாப்பு இல்லை என்று கதவைப் பாதி சாத்தியது.

2022இல் வாஷிங்டன் மாநில அரசுப் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபித்த வழக்கில் ஜெயித்தார். அதே ஆட்டம், அதே முழங்கால். முதலாளிதான் வேறு.

சுந்தரம்: கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவன் முதலாளி சொன்னபடி நிற்பதுதானே முறை, தங்கச்சி?

முறை இருக்கட்டும் அண்ணா, முதலாளி என்ன எழுதி வைத்திருந்தார் என்று பாருங்கள். அப்போதைய என்.எஃப்.எல். கையேட்டில், கீதத்தின்போது வீரர்கள் மைதான ஓரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக இருந்தது. நிற்பதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ‘நிற்பது நல்லது’ என்கிற தொனி. அந்த இடுக்கில்தான் கேப்பர்னிக் மண்டியிட்டார்.

கூடைப்பந்தில் என்.பி.ஏ. விதி அப்படியில்லை, கட்டாயம் நிற்க வேண்டும். 1996இல் டென்வர் அணியின் மஹ்மூத் அப்துல் ரவூஃப் நிற்க மறுத்ததும் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட் செய்தார்கள். ஒரு ஆட்டம் போனது, முப்பதாயிரம் டாலருக்கு மேல் நஷ்டம். பிறகு, நின்றபடியே தலை குனிந்து பிரார்த்திப்பது என்று சமாதானம் ஆனது.

என்.எஃப்.எல். 2018 மே மாதம் விதியை இறுக்கியது: மைதானத்துக்கு வந்தால் நிற்க வேண்டும், விருப்பமில்லாதவர் உடைமாற்றும் அறையிலேயே இருக்கலாம், மீறினால் அணிக்கு அபராதம். எங்களைக் கலக்காமல் போட்ட விதி என்று வீரர்களின் தொழிற்சங்கம் ஜூலையில் முறையீடு செய்தது. பத்து நாளுக்குள் விதி கிடப்பில் போனது. அரசியலமைப்பு செய்யாததைச் சங்கம் செய்தது.

ஃபாத்திமா: மண்டியிடுகிற வீரர்களை டிரம்ப் வேலையை விட்டுத் தூக்கச் சொன்னாரே, அது அரசாங்க அழுத்தம் இல்லையா?

கூர்மையான கேள்வி. 2017 செப்டம்பரில் அலபாமா கூட்டத்தில் ஜனாதிபதியாக இருந்தே சொன்னார். ஜனாதிபதிக்கும் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அதிகாரத்தைக் காட்டி மிரட்டி, தனியார் கையால் ஒருவர் வாயை மூடவைத்தால் அது அரசின் செயலாகிவிடும். 2024இல் துப்பாக்கி உரிமைச் சங்கம் நியூயார்க் அதிகாரி மீது தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதைச் சொன்னது. அலபாமாவில் நடந்தது மிரட்டலா வெறும் மேடைப் பேச்சா என்றால், மேடைப் பேச்சுக்குப் பக்கத்தில்தான் வைப்பேன்.

ராஜேஷ்: பிறகு கேப்பர்னிக் எதை வைத்து லீக்கிடம் பணம் வாங்கினார்?

லீக்கும் வீரர்களின் தொழிற்சங்கமும் போட்டுக்கொண்ட கூட்டு ஒப்பந்தத்தை வைத்து. அணிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஒரு வீரரை ஒதுக்கக்கூடாது என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு அணியும் தனித்தனியாக ‘வேண்டாம்’ என்றால் தப்பில்லை, கூடிப் பேசியிருந்தால் தப்பு. 2017 அக்டோபரில் முறையீடு செய்தார். தள்ளுபடி செய்யச் சொன்ன லீக்கின் கோரிக்கையை, முறையீட்டை விசாரித்த நடுவர் ஏற்கவில்லை. 2019 பிப்ரவரியில், உடன் மண்டியிட்ட எரிக் ரீடோடு சேர்த்து சமரசம். தொகை ரகசியம்.

பெயர் வேண்டாம்: எச்1பி விசாவில் ஐடி கம்பெனி. வார இறுதிப் போராட்டத்துக்குப் போனால் வேலைக்கு ஆபத்தா?

இருக்கலாம். 2017இல் ஜூலி பிரிஸ்க்மன் என்பவர் விடுமுறை நாளில் சைக்கிளில் போகும்போது, டிரம்பின் கார் வரிசையைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். படம் பரவியது, வேலை போனது. வர்ஜீனியா நீதிமன்றம் தவறான பணிநீக்கம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. (2019இல் உள்ளூர்த் தேர்தலில் நின்று ஜெயித்தார்.)

மாநிலம் முக்கியம். கனெக்டிகட் தனியார் ஊழியரின் பேச்சுக்கும் பாதுகாப்புத் தருகிறது. கலிபோர்னியாவில் ஊழியரின் அரசியல் நடவடிக்கையில் முதலாளி தலையிட முடியாது. சம்பளம், வேலைநேரம் பற்றிச் சக ஊழியரோடு சேர்ந்து பேசினால் 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம், நாடு முழுக்க, சங்கம் இல்லாதவர்களையும் காக்கும். மேலாளர் பதவி என்றால் அது கிடையாது. உங்களுக்கு வேலை போனால் கையில் அதிகபட்சம் 60 நாள். போவதற்கு முன் கம்பெனிக் கையேட்டைப் படியுங்கள், கம்பெனி டீஷர்ட்டில் போகாதீர்கள்.

வித்யா: பார்வையாளர் எழாவிட்டால்?

ஒன்றுமில்லை. எழுந்து நிற்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, தண்டனை எதுவும் கிடையாது. பக்கத்து சீட்காரர் முறைப்பார். நான் ஒருமுறை கீதம் தொடங்கும்போது நாச்சோஸ் வரிசையில் மாட்டிக்கொண்டேன். கடைக்காரர் பாட்டுக்குச் சீஸ் ஊற்றிக்கொண்டிருந்தார்.