நர்ஸ் பிராக்டிஷனர் ஆசை: எம்.எஸ்சி. இப்போதே வேண்டாம்

அம்மா, மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து மார்த்தாண்டத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறாள், 'நர்ஸ் பிராக்டிஷனர்' (நோயாளியைப் பரிசோதித்து, மருந்தும் எழுதும் உயர்நிலை நர்ஸ்) ஆக வேண்டும் என்கிறாள், உடனே எம்.எஸ்சி. சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்காதீர்கள். நம்மூர் எம்.எஸ்சி. பெரும்பாலும் ஆசிரியர் வேலைக்கான படிப்பு. அதை மட்டும் வைத்து எந்த நாட்டிலும் அந்தப் பதவி கிடைக்காது.

இந்தப் பதவி 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கே போக என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வில் தேறி, ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் வாங்க வேண்டும். பிறகு அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற மாஸ்டர்ஸ் அல்லது டாக்டரேட், அதன்பின் தேசியச் சான்றுத் தேர்வு. டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் மருந்து எழுதலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஆஸ்திரேலியாவில் மாஸ்டர்ஸோடு, கடைசி 6 வருஷத்துக்குள் உயர்நிலைப் பணியில் 5,000 மணி நேரம் காட்ட வேண்டும். சாதாரண வார்டு டியூட்டி இந்தக் கணக்கில் வராது. பலர் தடுமாறுவது இங்கேதான். அயர்லாந்தில் இதற்கென்று தனிப் பதிவேடு உண்டு.

பிரிட்டனில் பேண்ட் 5 எனும் தொடக்க நிலை நர்ஸ் சம்பளப் படியில் சேர்ந்து, ஒரு துறையில் ஊன்றி, மேலதிகாரி ஆதரவு தந்தால் வேலையோடு சேர்த்தே மாஸ்டர்ஸ் படிக்கலாம். மருந்து எழுத தனிப் பயிற்சி வேண்டும். "போனவுடனே ஆகிவிடலாம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அது பொய். அதோடு, அங்கே வேலைக்கு எடுப்பதற்காக நர்ஸிடம் பணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டு அரசின் நெறிமுறை.

இந்தியாவிலும் வழி இருக்கிறது. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த 2 வருட ரெசிடென்சி படிப்பு அது. பி.எஸ்சி.யும் ஒரு வருட வார்டு அனுபவமும் கேட்பார்கள். பெரும்பகுதி நோயாளியின் படுக்கையருகேதான் கழியும். ஆனால் இதை முடித்தவர் அமெரிக்காவில் நேராக அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியாது.

ஆக, இப்போது சேர்க்க வேண்டியது ஒரே துறையில் அனுபவம். சிறிய ஆஸ்பத்திரிகளில் பிள்ளையை இன்றைக்கு ஓ.பி., நாளைக்கு லேபர் ரூம், மறுநாள் தியேட்டர் என்று மாற்றிப் போடுவார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் எதிலும் ஆழம் இருக்காது. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ வென்டிலேட்டர் ஓடும் ஐ.சி.யூ. உள்ள இடமாகப் பார்த்து, ஒரே யூனிட்டில் குறைந்தது இரண்டு வருஷம் நிற்கச் சொல்லுங்கள். சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை.

வேலையை விடும்போது வாங்கும் சான்றிதழில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று மட்டும் இருந்தால் பிற்பாடு அலைச்சல். யூனிட்டின் பெயர், படுக்கை எண்ணிக்கை, சேர்ந்த தேதி, விட்ட தேதி, வார டியூட்டி மணி நேரம் எல்லாம் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். ஆஸ்பத்திரி மூடிப்போனால் இதை யாரிடமும் வாங்க முடியாது.

வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும் மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்கு இப்போதே படிக்கலாம், ஆனால் தேர்வை அவசரப்பட்டு எழுத வேண்டாம். மதிப்பெண் பொதுவாக 2 வருஷம்தான் செல்லும். பிரிட்டனுக்குப் பேசுதல், கேட்டல், வாசித்தலில் பி கிரேடு வேண்டும். எழுத்தில் சி பிளஸ் போதும். நோயாளியின் குறிப்பிலிருந்து தேவையானதை மட்டும் பொறுக்கிக் கடிதம் எழுதுவதில்தான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். வாரம் இரண்டு கடிதம் எழுதி, தெரிந்தவரிடம் திருத்தி வாங்கட்டும்.