வாக்கிசாஷியின் காம்பில் இரண்டு துளைகள், பாதிக் கையெழுத்து: போலியா?

வாக்கிசாஷி என்னும் ஜப்பானியக் குறுவாளின் காம்பில், அதாவது கைப்பிடிக்குள் மறையும் பகுதியில், இரண்டு துளைகள் இருப்பதாலேயே அது போலி ஆகிவிடாது. நீளமான வாளைக் காம்பின் அடிப்பக்கம் வெட்டிக் குறுக்கியிருக்கலாம். ஜப்பானியர் இதை 'சுரியாகே' என்பார்கள். அப்போது காம்பில் கொல்லர் பொறித்த கையெழுத்தும் பாதி போய்விடும், கைப்பிடியைப் பிடித்து நிறுத்தும் மூங்கில் ஆணிக்காகப் பழைய துளைக்கு மேலே புதுத் துளை தேவைப்படும்.

மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள். கீழ்த்துளையைச் சுற்றிய துரு கறுத்தும், மேல்துளைப் பக்கம் சற்றே வெளிறியும் இருந்தால் என் ஊகம் பெரும்பாலும் சரி. மேல்துளையின் விளிம்பு துளைப்பான் போட்டதுபோல் சீராகவும் இருக்கலாம்.

தயவுசெய்து அந்தத் துருவைத் தேய்த்து எடுக்காதீர்கள்! வயதைச் சொல்லும் சாட்சி அதுதான். ஒன்று மட்டும்: பிரபல கொல்லர்களின் பெயரைப் பொய்யாகப் பொறிப்பது அந்தக் காலத்திலேயே சகஜம். எஞ்சிய எழுத்துகளை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.