தேனடையில் துளையுள்ள மூடிகள்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் இரண்டு தேன்பெட்டிகள் வைத்திருக்கிறோம். ஒன்றில், அடையின் கீழ் ஓரத்து அறை மூடிகள் குமிழ்போல் எழும்பி, நடுவில் ஊசியால் குத்தியதுபோன்ற துளையுடன் இருக்கின்றன. கறுத்துப் பருத்த தேனீக்களும் பெருகியுள்ளன. இது நோயா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நோயன்று, அவை ஆண் தேனீக்கள் வளரும் அறைகள். நாம் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீயின் ஆண் கூட்டுப்புழு தன்னைச் சுற்றிப் பின்னும் கூட்டின் உச்சியில் இயல்பாகவே ஒரு துளை அமைகிறது. மேலே பூசிய மெழுகைப் பணித்தேனீக்கள் சுரண்டி எடுத்த பின் அத்துளை நம் கண்ணுக்குத் தெரிகிறது.

ராணி, கருவுற்ற முட்டையைச் சிறிய அறையிலும் கருவுறாத முட்டையைப் பெரிய அறையிலும் இடுகிறது. கருவுறாததிலிருந்து பிறப்பதால் ஆண் தேனீக்குத் தந்தை இல்லை என்பது எத்தனை முறை எண்ணினாலும் வியப்புத் தருவது. முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ராணிக்கு 15 அல்லது 16 நாளும், பணித்தேனீக்கு 18 முதல் 20 நாளும், ஆணுக்கு ஏறக்குறைய 24 நாளும் ஆகும். முட்டையிடும் உறுப்பே கொடுக்காக மாறியிருப்பதால் ஆணுக்குக் கொடுக்கு இல்லை. பின்னங்காலில் மகரந்தக் கூடையும் இல்லை. தலையுச்சியில் ஒன்றையொன்று தொடும் பெரிய கண்களோ, பறக்கும் ராணியை வானத்தில் கண்டுகொள்வதற்கானவை.

ஆண்கள் பெருகுவது, கூட்டம் வலுத்துப் பிரியத் தயாராவதைக் குறிக்கலாம். அடையின் அடியில் நிலக்கடலைபோல் தொங்கும் ராணி அறைகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால், ரப்பர்த் தளிரில் தேன் சுரக்கும் காலத்துக்கு முன்பே கூட்டத்தைப் பிரித்து வேறு பெட்டியில் வையுங்கள்.

பணித்தேனீ அறைகளின் தட்டையான மூடிகள் அங்கங்கே குழிந்து கிழிந்திருந்தால் மட்டும் அஞ்ச வேண்டும். உள்ளே புழு தலை நிமிர்ந்து இறந்து, இடுக்கியால் தூக்கும்போது நீர் நிறைந்த பைபோல் தொங்கினால், அது 1991-92இல் தென்னிந்தியத் தேன்பெட்டிகளைப் பெருமளவில் காலியாக்கிய ‘தாய் சாக்புரூட்’ (Thai sacbrood) என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அப்போது அந்தப் பெட்டியின் அடையை மற்றதற்கு மாற்றாதீர்கள்.