வாசகர் கேள்வி-பதில்: காப்பி கிரைண்டர் முனகுகிறது

கேள்வி: வீட்டில் எஸ்பிரஸோ போடுகிறேன். கோனிக்கல் பர் (கொட்டையை அரைக்கும் கூம்பு வடிவப் பல்வட்டு) கிரைண்டர், நாலு வருடப் பழசு. மிக நைசான எண்ணில் வைத்தாலும் தூள் ரவை மாதிரி விழுகிறது. 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி 12 விநாடியில் இறங்கிவிடுகிறது. சில நாள் மோட்டார் முனகி நின்றுவிடுகிறது. பர் மாற்ற வேண்டுமா?
– வாசகர், க்யூர்பிப், மொரீஷியஸ்

பதில்: பர் வாங்கப் பணம் போடுவதற்கு முன், மேல் பர் உட்காரும் வளையத்தைப் பாருங்கள். க்யூர்பிப் ஈரத்தில், எண்ணெய் கசியும் கறுத்த வறுவலின் தூள் அங்கே களிம்பாக அப்பிக்கொள்ளும். அது பர்ரை அரை மில்லிமீட்டர் தூக்கினாலே போதும், எஸ்பிரஸோவுக்கான நைஸ் வராது. அதே களிம்பு தூள் விழும் வாயை அடைக்க, மோட்டாரும் திணறும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் பர்ரைக் கழற்றுங்கள். கெட்டி பிரஷாலும் பல்குச்சியாலும் வளையத்தையும் வாயையும் சுரண்டுங்கள். தண்ணீர் படவே கூடாது, எஃகு துருப்பிடிக்கும். அரிசி அரைத்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம். காப்பிக்கொட்டையைவிட அது கடினம். மேல் பர்ரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் காதுகளில் ஒன்று உடைந்திருந்தால் பர் சாய்ந்து உட்காரும். அந்தப் பிடியை மட்டும் மாற்றினால் போதும். கீழ் பர்ரின் நட்டு பல மாடல்களில் இடது மரை. கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.

பூட்டிய பிறகு, கொட்டை போடாமல் ஓடவிட்டு எண்ணை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பர் உரசிக் 'கிறீச்' என்றதும் உடனே ஓரிரு எண் பின்வாங்குங்கள். கடைசி எண்ணிலும் உரசவில்லையென்றால், ஷிம் (பர்களை நெருக்கும் மெல்லிய வளையத் தகடு) ஏற்கும் மாடலில் 0.1 அல்லது 0.2 மி.மீ. ஷிம் வாஷர் வையுங்கள். பிறகு 36 கிராம் இறங்க 25 முதல் 30 விநாடி ஆகும்வரை சரிசெய்யுங்கள். எண் மாற்றும்போது முதலில் விழும் சில கிராம் பழைய அரவை. அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னும் முனகுகிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பர்ரைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றினால், கெப்பாசிட்டர் (மோட்டார் கிளம்ப உதவும் மின்தேக்கி) உள்ள மோட்டாரில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிளக் பிடுங்கினாலும் அதில் மின்சாரம் தங்கும், வெறுங்கையால் தொடாதீர்கள். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதாகப் போடுங்கள். மோட்டார் வேகமாக ஓடியும் பர் சுற்றாவிட்டால் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது.

உள்ளூர்ச் சாமரேல் கொட்டையோ இறக்குமதியோ, அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஹாப்பரில் (மேலே கொட்டை போடும் கிண்ணத்தில்) போடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து தம்பி 120 வோல்ட் கிரைண்டர் கொண்டுவருகிறான். டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: வேண்டாம் அம்மா. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே மெதுவாக ஓடிச் சூடேறும்.