மே ஹாங் சோன் சுற்று: பின்னால் ஒருவரோடு 125 சிசி போதுமா?

வட தாய்லாந்தில் சியாங் மாய் நகரிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பும் மே ஹாங் சோன் மலைச்சாலைச் சுற்றை, மனைவியைப் பின்னால் வைத்து 125 சிசி ஸ்கூட்டரில் 4 நாளில் முடிக்கலாமா, நண்பர் 3 நாளில் முடித்தாரே என்று கேட்டிருந்தீர்கள். 4 நாள் போதும், ஆனால் இருவரும் பைகளும் சேர்ந்தால் 125 சிசி ஸ்கூட்டர் வேண்டாம்.

ஏற்றத்தில் திணறுவதைவிட இறக்கம்தான் எனக்குக் கவலை. கியர் இல்லாத வண்டியில் எஞ்சின் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது, பாரம் முழுவதும் பிரேக் மேல் விழுந்து அது சூடாகிப் பிடிப்பு குறையும். சியாங் மாயிலேயே 300 சிசி அல்லது அதற்கு மேல், நல்ல பின் இருக்கை உள்ள வண்டி எடுங்கள்.

உங்கள் நண்பர் 3 நாளில் முடித்தார் என்றால் பெரும்பாலும் தனியாகப் போயிருப்பார். மொத்தம் சுமார் 600 கி.மீ.தான், ஆனால் பாய் என்ற ஊர் வரையிலான முதல் 130 கி.மீ.யிலேயே எழுநூறுக்கும் மேல் வளைவுகள், பின்னால் இருப்பவருக்குத் தலைசுற்றல் வரும். பாய், மே ஹாங் சோன், மே சாரியாங் என்று இரவு தங்கினால் சரியாக இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மனைவியோடு, முழுப் பைகளோடு, சியாங் மாய் அருகே மலைமேல் உள்ள தோய் சுதெப் கோயில் வரை ஏறி இறங்கிப் பாருங்கள். அவருக்கு இடுப்பு வலித்தாலோ பிரேக்கில் தீய்ந்த வாடை வந்தாலோ வண்டியை மாற்றிவிடலாம். பின் டயரில் காற்று இருவருக்கான அளவில் இருக்கட்டும்.

அப்புறம், சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் பிரிவுக்கு முத்திரை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இல்லாவிட்டால் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். பாஸ்போர்ட்டை வாடகைக் கடையில் அடமானமாகக் கொடுக்காதீர்கள்.

மார்ச்சில் போவதாக இருந்தால் தேதியை மாற்றுங்கள், காடும் வயலும் எரியும் புகையில் மலையே தெரியாது. நவம்பர் முதல் ஜனவரி வரை நல்லது.