ஆர்கான் கற்றால் சம்பளம் ஏறுமா?

கேள்வி: மணலியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஹெல்பராக இருக்கிறேன். ஆறு மாதம் ஆர்கான் வெல்டிங் சொல்லித் தருகிறோம், இரண்டு வருஷத்துக்கு 48,000 ரூபாய் பாண்டில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை. போடலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கையெழுத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

ஒரு ஷெட்டின் மிஷினுக்கு மட்டுமே உதவும் பழக்கத்துக்கு வெளியே விலை கிடையாது. அதற்காக முதலாளி சம்பளம் ஏற்ற மாட்டார். ஆர்கான் தெரிந்த கை எந்த கம்பெனி கேட்டிலும் செல்லும். பாண்ட் கேட்பதே அதனால்தான். உங்கள் பேரத்துக்கும் அதுதான் பலம்.

எந்த டெஸ்ட் வைப்பார்கள் என்று கேளுங்கள். குழாயை 45 டிகிரி சாய்த்து, சுழற்றாமல் பற்றவைக்கும் 6ஜி டெஸ்ட்டில் தேறினால், ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதித்தொகுப்பின் 9-ஆம் பிரிவின்படி எல்லா வெல்டிங் நிலைகளுக்கும் தகுதி உண்டு. ஆனால் 6 அங்குலக் குழாயில் மட்டும் டெஸ்ட் கொடுத்தால், 2⅞ அங்குல வெளிவிட்டத்துக்குக் குறைந்த குழாய்க்கு அது செல்லாது. சிறு குழாயிலும் ஒன்று கொடுத்துவிடுங்கள். தேறியவரை மறுபடி கிரைண்டிங்குக்கே அனுப்புவதும் நடக்கும். ஆறு மாதம் ஆர்கான் தொடாவிட்டால் தகுதி காலாவதி! டெஸ்ட் ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வையுங்கள். புது கம்பெனி மறுபடி டெஸ்ட் வைக்கும் என்றாலும் அந்தக் காகிதம் பேசும்.

‘தேறிய மறுமாதம் முதல் வெல்டர், அடிப்படைச் சம்பளம் இவ்வளவு’ என்று கடிதத்தில் இருக்கட்டும். இன்சென்டிவ் என்று எழுதினால், ஆர்டர் குறைகிற மாதம் அதுவும் காணாமல் போகும்.

பாண்ட் தொகை மாதம் 2,000 ரூபாய் குறைய வேண்டும். 18 மாதம் வேலை செய்து விலகினால் பாக்கி 12,000தான். இரண்டு வருஷக் கணக்கு பயிற்சி தொடங்கிய நாளிலிருந்தா, முடிந்த நாளிலிருந்தா? எழுதி வாங்குங்கள். பத்திரத்தில் எவ்வளவு போட்டிருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது. அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எண்ணூரில் என் மகன் அப்ரண்டிஸ். பி.எஃப். பிடிக்கவில்லையே?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: 1961-ஆம் வருஷ அப்ரண்டிஸ் சட்டத்தில் சேர்ந்தவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, முடித்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டாம் ஆண்டு குறைந்தபட்ச உதவித்தொகை 10 சதவீதம் கூடும். அவர் ஒப்பந்தம் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவே இல்லாமல் முழு ஷிப்ட் உற்பத்தி வேலை வாங்கினால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் குறைந்தபட்சக் கூலி கேட்டு மனு கொடுக்கலாம்.