ஏப்ரலில் 9 வெற்றி, 16 தோல்வி: சீசன் அவ்வளவுதானா?

கேள்வி: மேஜர் லீக் பேஸ்பாலில் நான் பின்தொடரும் அணி 25 ஆட்டங்களில் 9-இல்தான் ஜெயித்திருக்கிறது. எனக்குப் பிடித்த இளம் பேட்டர் .183 சராசரியில் தடுமாறினார், மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் ட்ரிபிள்-ஏவுக்கு இறக்கிவிட்டார்கள். இனி நம்பிக்கை வைக்கலாமா?

பதில்: சீசனின் 162 ஆட்டங்களில் இன்னும் 137 இருக்கின்றன. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டங்களில் 31-இல் தோற்றது. அந்த ஆண்டே இறுதிக் கோப்பையான வேர்ல்டு சீரிஸையும் வென்றது. ஆனாலும் எல்லா அணியும் அப்படி எழுந்துவிடாது. உங்கள் அணி எந்த வகை என்பதை ரன் கணக்கு சொல்லும். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் தொகையால் வகுத்து, ஆடிய 25 ஆட்டங்களால் பெருக்கிப் பாருங்கள்; வந்திருக்க வேண்டிய வெற்றிகள் தெரியும். 100 ரன் எடுத்து 105 கொடுத்திருந்தால் 12 வெற்றி வந்திருக்க வேண்டும். ஒரு ரன் வித்தியாசத்தில் சில ஆட்டங்கள் கைநழுவியிருக்கின்றன, அவ்வளவுதான். 140 கொடுத்திருந்தால் எட்டோ ஒன்பதோதான் வரும். அப்போது பந்துவீச்சே பலவீனம், கவலைப்படுங்கள்.

.183 என்பது 60 முறை ஆடி 11 ஹிட், அதாவது பந்தை அடித்து பேஸை எட்டியது 11 முறை. கூட நான்கு பந்து ஃபீல்டருக்கு எட்டாமல் விழுந்திருந்தால் .250! இவ்வளவு குறைந்த ஆட்டத்தில் சராசரியை நம்பவே கூடாது. ஸ்ட்ரைக்அவுட்டை, அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவதைப் பாருங்கள், அது 60 முறைக்குள் ஓரளவு உண்மை பேசிவிடும். மூன்றில் ஒரு முறை ஸ்ட்ரைக்அவுட் என்றால், எதிரணி அவருடைய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் இறக்கிவிட்டதற்கு ஆட்டம் மட்டுமே காரணமாக இருக்காது. இளம் வீரருக்குப் பொதுவாக மூன்று சீசன்களுக்கு ‘ஆப்ஷன்’ உண்டு. அதுவரை கேட்காமலே கீழே அனுப்பலாம். ஆப்ஷன் தீர்ந்த மூத்தவரை அனுப்பினால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும். ஆகவே இளையவர்தான் பெட்டி கட்டுகிறார். நன்றாக ஆடுபவருக்கும் இந்த வலி உண்டு. 2015-இல் சிகாகோ கப்ஸ் அணியின் இளம் வீரர் கிரிஸ் பிரையன்ட் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தும் ஏப்ரல் 17-இல்தான் மேலே அழைக்கப்பட்டார். மேஜர் லீக்கில் ஓராண்டு சர்வீஸ், அதாவது பணிக்காலம், கணக்கில் சேர 172 நாள் வேண்டும். அவருக்குக் கிடைத்தது 171. அந்த ஒரு நாளால், விரும்பிய அணிக்குப் போகும் உரிமை ஓராண்டு தள்ளிப்போனது. முறையிட்டும் பலனில்லை.

உங்கள் பேட்டர், காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக அழைக்கப்பட்டாலொழிய, 10 நாளாவது கீழே இருந்தாக வேண்டும். அங்கே தினமும் ஆடவிடுகிறார்களா, ஸ்ட்ரைக்அவுட் குறைகிறதா என்று பாருங்கள். இரண்டும் நடந்தால் அடுத்த அழைப்பு அவருக்குத்தான் வர வாய்ப்பு அதிகம்.